எலெக்ட்ரீசியன் என்று அழைத்துப்போய் ஹெல்பர் வேலை கொடுத்தால்

தம்பி எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்தவர், வயது இருபத்து மூன்று. திருச்சியில் ஓர் ஏஜென்ட்டிடம் 1,20,000 ரூபாய் கட்டி ஷார்ஜாவுக்கு வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. எலெக்ட்ரீசியன் வேலை, மாதம் 1,800 திர்ஹம், தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி பொறுப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்து பார்த்தால் கேபிள் இழுக்கவும் ஜிப்சம் போர்டு சுமக்கவும் விடுகிறார்கள். சம்பளம் 1,000தான் என்கிறார் ஃபோர்மேன். துபாயில் இருக்கும் நண்பனின் அறைக்குப் போய்விட்டு வேறு வேலை தேடலாமா என்று கேட்டிருக்கிறார். கேள்வி அப்படி முடிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் ஏமாந்தது உறுதிதானா? உறுதியென்றால் ஏமாற்றியது யார்? பணமும் பாஸ்போர்ட்டும் கெடாமல் வெளியே வர வழி உண்டா? நடுவில் இருக்கும் கேள்விக்கு விடை தெரியாமல் நேராகக் கடைசிக் கேள்விக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அதனால் வரிசையாகவே போகலாம். அதற்குள் உங்கள் அவசரக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிடுகிறேன்: கேம்ப்பை, அதாவது கம்பெனி கொடுத்த தங்குமிடத்தை, விட்டு இப்போது போகாதீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. 2006 முதல் 2023 வரை ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தேன். முதல் ஆறு ஆண்டு சைட்டில் டைம்கீப்பர். பிறகு ஆபீஸில், ஆட்களின் விசா, ஒப்பந்தம், கேம்ப் விவகாரங்களைப் பார்க்கும் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குத் தமிழில் பேப்பரை விளக்கிக் கையெழுத்து வாங்குவதும் என் பொறுப்பு. ஒரு காலை நாற்பது பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் தூங்காத கண்ணோடு, பையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, நான் விரல் வைத்த இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டவர்களை என் கைவிரல்களில் எண்ணிவிடலாம். எனக்கும் அவர்கள் கேட்காதது வசதியாகத்தான் இருந்தது. அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் என்பதால், உங்களுக்கு என்ன காட்டப்படவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வேலையைப் பற்றி. இதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. கேபிள் இழுப்பது வளைகுடாவில் எலெக்ட்ரீசியன் வேலைதான். ஊரில் எலெக்ட்ரீசியன் என்றால் ஒரு வீட்டுக்குப் பைப் பதிப்பது முதல் மின்விசிறி மாட்டுவது வரை ஒரே ஆள் செய்வார். இங்கே பெரிய கட்டடத்தில் வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். கான்க்ரீட் போடுவதற்கு முன் பைப் பதிக்க ஒரு கூட்டம், ஒயர் இழுக்க ஒரு கூட்டம், சுவிட்சும் விளக்கும் மாட்ட ஒரு கூட்டம், டி.பி., அதாவது மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி, கட்டுவதற்கு இரண்டு மூன்று கைதேர்ந்தவர்கள். கவசம் போட்ட தடித்த கேபிளை இழுக்கும் நாளில் பத்து வருட அனுபவக்காரரும் கையுறை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். ஆகவே அதை வைத்து மட்டும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜிப்சம் போர்டு சுமப்பது வேறு. அது எந்தக் கணக்கிலும் எலெக்ட்ரீசியன் வேலை ஆகாது. ஏதோ ஒரு நாள் லாரி வந்தது, எல்லோரும் கைகொடுத்தார்கள் என்றால் விட்டுவிடலாம். தினமும் அதுதான் என்றால் உங்கள் புகார் நியாயமானது. இருபத்தைந்து நாளில் எத்தனை நாள் எந்த வேலை என்று நீங்கள் எழுதவில்லை. இன்றிரவே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்: தேதி, சைட், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஃபோர்மேன் யார். கம்பெனியில் டைம்ஷீட் எழுதுகிறவன் எவனும் "ஜிப்சம் போர்டு சுமந்தான்" என்று எழுதமாட்டான். நானும் எழுதியதில்லை.

இனி பேப்பர். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாக வேலை விசா எடுத்தால், விசாவுக்கு முன்பே 'ஜாப் ஆஃபர்' என்று ஒன்று அங்கே பதிவாகும். தொழில் என்ன, பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2016 முதல், அதில் இருப்பதற்குக் குறைவாகப் பின்னால் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது விதி. அரபியும் ஆங்கிலமும் கட்டாயம். தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கொடுக்க வேண்டும். அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. உங்களுக்கு ஊரில் ஏஜென்ட் காட்டிய தாள் இதுதானா, அல்லது அவர் கம்ப்யூட்டரிலேயே அச்சடித்த வேறு ஏதாவதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல ஏஜென்ட்கள் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். தாளை நடுவில் மடித்து, கையெழுத்துப் போடும் பகுதி மட்டும் மேலே தெரியும்படி நீட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, சீக்கிரம் தம்பி என்பார்கள். உங்கள் தாளில் மடிப்புக் கோடு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பதிவான ஆஃபரையும் ஒப்பந்தத்தையும் அமைச்சகத்தின் செயலியில் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்து நீங்களே பார்க்கலாம். வழி தெரியாவிட்டால், அரசு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து தரும் எந்த டைப்பிங் சென்டரிலும் சில திர்ஹத்துக்கு எடுத்துத் தருவார்கள். கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அந்தத் தாளில் நீங்கள் என்ன பார்க்கக்கூடும் என்று என் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறேன். தொழில் ஒருவேளை எலெக்ட்ரீசியன் என்றே இருக்கலாம். ஆனால் 1,800 என்ற எண் எங்கும் இருக்காது. பேசிக் 1,000 என்றோ அதற்கும் கீழோ இருக்கும். ஏஜென்ட்டிடம் கேட்டால் "ஓவர்டைம் சேர்த்துச் சொன்னேன்" என்பார். அதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1,000 திர்ஹத்தை முப்பது நாளால் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 4.17 திர்ஹம். சாதாரண ஓவர்டைமுக்குச் சட்டப்படி 25 சதவீதம் கூடுதல். ஆக மணிக்கு 5.20 சொச்சம். 1,000க்கும் 1,800க்கும் இடையே உள்ள 800 திர்ஹத்தை எட்ட மாதம் 154 மணி நேரம் ஓவர்டைம் பார்க்க வேண்டும். இருபத்தாறு வேலை நாள் என்றால் தினம் ஏறக்குறைய ஆறு மணி நேரம், அதாவது பதினான்கு மணி நேர வேலை. சட்டம் அனுமதிப்பதோ நாளைக்கு இரண்டு மணி நேர ஓவர்டைம். அப்படி ஒரு நாள் விடாமல் பார்த்தாலும் கையில் கூடுவது 271 திர்ஹம்தான். இரவு பத்திலிருந்து விடிகாலை நான்கு வரை பார்த்தால் 50 சதவீதம் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் 1,800 வராது. ஏஜென்ட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று அங்கே பொதுவான குறைந்தபட்சக் கூலி கிடையாது. ஆகவே 1,000 என்று எழுதியிருந்தால் அந்தத் தொகைக்காக மட்டும் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது ஏமாற்றியது யார் என்ற கேள்வி தெளிவாகிறது. பதிவான தாளில் எலெக்ட்ரீசியன், 1,800 என்று இருந்து, கம்பெனி வேறு வேலையும் குறைந்த சம்பளமும் கொடுத்தால், தவறு கம்பெனியுடையது. தட்ட வேண்டிய கதவு அமீரகத் தொழிலாளர் அமைச்சகம். தாளில் ஹெல்பர், 1,000 என்று இருந்தால், கம்பெனி எழுதியபடியே நடக்கிறது. பொய் சொன்னவர் திருச்சியில் உட்கார்ந்திருக்கிறார், உங்கள் வழக்கும் அங்கேதான். எலெக்ட்ரீசியன் என்று இருந்து சம்பளம் மட்டும் 1,000 என்று இருந்தால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி. இந்த மூன்றாவதுதான் நான் அதிகம் பார்த்தது. நான்காவது ஒன்றும் உண்டு, அதுதான் மிக மோசம்: உங்களை விசிட் விசாவில் அனுப்பியிருப்பது. பாஸ்போர்ட்டோடு வந்த விசாத் தாளில் அது வேலைக்கான நுழைவு அனுமதிதானா என்று பாருங்கள். விசிட் விசா என்றால் பதிவான ஒப்பந்தமே இருக்காது, நீங்கள் சைட்டில் நிற்பதே சட்ட விரோதம். அப்போது மட்டும் என் பதில் மாறும்: விசா முடிவதற்கு முன் தூதரக உதவியோடு ஊர் திரும்புகிற வழியைப் பாருங்கள்.

நண்பனின் அறைக்குப் போவதைப் பற்றி. 2014 வாக்கில் மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், பிட்டர் வேலை என்று வந்து, கான்க்ரீட்டுக்குப் பலகை அடைக்கும் ஷட்டரிங் வேலையில் மாட்டிக்கொண்டவன், ஒரு வியாழன் இரவு ஷார்ஜாவின் சஜா கேம்ப்பிலிருந்து துபாயின் சோனாப்பூருக்குப் போய்விட்டான். போனை அணைத்துவிட்டான். எட்டாம் நாள் அவன் பெயரில் தலைமறைவுப் புகார் போனது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். நியாயம் அவன் பக்கம் இருந்தது என்று அந்த ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் புகார் பதிவானதும் அவன் சொல்ல வந்த கதை எதற்கும் காது இல்லாமல் போயிற்று. இன்றும் விதி ஏறக்குறைய அதுதான். காரணம் சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் கம்பெனி அமைச்சகத்தில் புகார் பதியலாம். அது நிலைத்தால் ஓராண்டுக்கு அந்த நாட்டில் புதிய வேலை அனுமதி கிடையாது. நடுவில் நண்பன் காட்டும் கடையில் வேலை பார்த்துப் பிடிபட்டால் அது தனி வழக்கு.

ஓடாமல் வெளியே வர வழி இருக்கிறது. 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், அதாவது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம், சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் உள்ளதற்கு அடிப்படையிலேயே மாறான வேலையை, தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கொடுத்தால், அவர் முன்னறிவிப்பு இல்லாமலே விலகலாம் என்கிறது 45ஆம் பிரிவு. விபத்தைத் தடுக்க, சேதத்தைச் சரிசெய்ய என்று அவசரத்துக்கு மாற்று வேலை கொடுக்கலாம், அதுவும் தற்காலிகமாக. தினசரி போர்டு சுமப்பது அதில் அடங்காது. இங்கே கவனியுங்கள்: "எழுத்துபூர்வமான சம்மதம்". இரண்டாவது வாரத்தில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதுகாப்பு வகுப்புக்கு வந்த வருகைப் பதிவாக இருக்கலாம், ஒப்பந்தமாக இருக்கலாம், தொழிலை மாற்றச் சம்மதம் என்பதாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் 45ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்துமா என்று நானோ வேறு யாருமோ உறுதி சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பிரிவை நம்பி நாளைக்கே பையைத் தூக்காதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே அமைச்சகத்தில் புகார் பதியுங்கள். செயலியிலும் பதியலாம், 80084 என்ற எண்ணிலும் பதியலாம், கட்டணம் இல்லை. பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். 2024 முதல் 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட கோரிக்கைகளில் அமைச்சகமே முடிவு சொல்லவும் அதிகாரம் இருக்கிறது. புகார் பதிந்த எண் ஒன்று உங்கள் போனில் இருந்தால், பின்னால் கம்பெனி தலைமறைவு என்று எழுதினாலும் மறுக்க உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

வழக்குத் தகராறு எதுவும் வேண்டாம், விட்டால் போதும் என்றால் அதற்கும் வழி உண்டு. சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் ஊருக்குத் திரும்புவதென்றால் 14 நாள் முன்னதாக எழுத்தில் கொடுத்தால் போதும். அமீரகத்துக்குள்ளேயே வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு; உங்களை வரவழைத்த செலவைப் புதிய கம்பெனி பழைய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆபீஸில் "விசா செலவைக் கட்டிவிட்டுப் போ" என்று உங்களிடமே கேட்பார்கள். நாங்களும் கேட்டிருக்கிறோம். வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றியோ வாங்கக் கூடாது என்பது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்துக்கொள்வதும் தடைசெய்யப்பட்டதுதான். ஆனால் முதல் சண்டையை அதில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் யோசனை. பாதுகாப்புக்காக வைத்தோம் என்று ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள், உங்கள் முக்கியமான புகார் அதற்குள் அமுங்கிவிடும். நான் சொன்ன இதெல்லாம் பொதுவான நிறுவனங்களுக்கு. வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்குத் தனிச் சட்டம். சவுதி, கத்தார், குவைத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருச்சிக் கணக்குக்கு வருகிறேன். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. அதற்கு ரசீதும் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டியது மூன்று மடங்குக்கு மேல். ஏஜென்ட்டின் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் ஆள் சேர்த்ததே 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் 2,000 ரூபாய் வரை என்று இருப்பதைப் படித்து ஏஜென்ட்கள் சிரிப்பார்கள் என்றே நினைக்கிறேன். அதனால் மோசடிப் புகாராகவும் காவல்துறையில் கொடுக்க வேண்டும். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பணத்தைப் பாதி கையிலும் பாதி போன் வழியாகவும் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். போன் வழியாகப் போனதற்கு வங்கிப் பதிவு இருக்கும். "1,800 கட்டாயம் வரும் தம்பி" என்று அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் அழிக்காமல் அம்மாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். முழுப் பணமும் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். புகார் நகலைக் கண்டதும் பாதியைக் கொடுத்துச் சமாதானம் பேசிய ஏஜென்ட்களைப் பார்த்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு வேறு பெயரில் திறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று, பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு. பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று மட்டும்தான் சொல்வார்கள். ஒப்புக்கொண்ட வேலையோ ஒப்பந்தமோ தொழிலாளிக்குப் பாதகமாகப் பெரிதாக மாறியிருந்தால், இந்தியத் தூதரகம் அதைச் சான்றளித்தால், ஊர் திரும்பும் விமான டிக்கெட் செலவும் அதில் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை: பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்புள்ள) பாஸ்போர்ட்டுக்குத்தான் குடிபெயர்வு அனுமதியும் இந்தக் காப்பீடும் கட்டாயம். நீங்கள் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யும் படித்தவர், உங்கள் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருக்காது. படித்ததற்காகவே இந்தப் பாதுகாப்பு வலைக்கு வெளியே நிற்கிறீர்கள். ஏஜென்ட் எதற்கும் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று உங்கள் தாள்களில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை 80046342 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணமில்லை.

இருப்பதா, போவதா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. அந்த 1,20,000 வட்டிக்கு வாங்கியதா, அம்மாவின் நகையா, மாதம் எவ்வளவு அனுப்பியாக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். என் சொந்த அபிப்பிராயம் இது: தாளில் எலெக்ட்ரீசியன் என்று இருந்தால் புகாருக்கு முன் ஒருமுறை ஃபோர்மேனைத் தாண்டி எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிடம் நேராகப் போய், ஐ.டி.ஐ. சான்றிதழைக் காட்டி, டெஸ்ட் வையுங்கள் என்று கேளுங்கள். ஃபோர்மேனுக்குத் தூக்க ஆள் வேண்டும். இன்ஜினீயருக்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும். இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தாலும் அவர்களுடைய தேவை ஒன்றல்ல. போர்டு சுமந்த இரண்டு பேர் இப்படிக் கேட்டு டி.பி. வேலைக்குப் போனதை நான் டைம்ஷீட்டில் மாற்றி எழுதியிருக்கிறேன். ஹெல்பர் என்றே இருந்தால், 1,000 திர்ஹத்தில் கடன் அடையாது என்று தெரிந்தால், சோதனைக் காலத்துக்குள்ளேயே 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துக் கிளம்பிவிடுவது இரண்டு வருடம் கழித்துக் கிளம்புவதைவிடச் செலவு குறைவு.

விடுமுறை நாளில் டைப்பிங் சென்டருக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்ததும், தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். ஆங்கிலப் பக்கம் மங்கலாக இருந்தால் அரபியைப் படிக்கத் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள். "கஹ்ரபாயி" என்றால் எலெக்ட்ரீசியன். அதற்கு முன்னால் "முசாயித்" என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் உதவியாள்.